பாடம் சொல்லிக்கொடுத்த ஆண்டு வீணான ஆண்டா?

“டாக்டருக்குப் படிக்க வேண்டிய புள்ள, டியூஷன் வாத்தியாரா உட்கார்ந்துட்டான்.”

கூலிம், லுனாஸ், பாடாங் செராய், காராங்கான் என்று மலேசியாவின் இந்த வட்டாரத்தில் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அக்கறையோடுதான் சொல்கிறார்கள். கேட்கிறவர்களும் ‘உச்’ கொட்டித் தலையாட்டுகிறார்கள். அந்தத் தலையாட்டலைத்தான் நான் மறுக்கிறேன். ஆறாம் படிவ மாணவர்களுக்குப் பல ஆண்டு உயிரியல் நடத்தியவன் நான். இந்தப் பேச்சினால் மனம் ஒடிந்த பிள்ளைகள் என் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

யாரைப் பற்றிய பேச்சு இது? இரண்டு வகைப் பிள்ளைகளைப் பற்றியது. ஆறாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம். முடித்து மருத்துவத்துக்கு விண்ணப்பித்து, முதல் முறை இடம் கிடைக்காமல், மறு விண்ணப்பத்துக்குத் தயாராகிக்கொண்டே மாலையில் பிரத்தியேக வகுப்பு நடத்துகிறவர்கள் ஒரு வகை. உயிர்மருத்துவ அறிவியல் போன்ற பட்டத்தை வாங்கிக்கொண்டு தனியார் கல்லூரியில் டியூட்டராகச் சேர்ந்து, அங்கே அடிப்படை அறிவியல் மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்தபடி மருத்துவ நுழைவுக்கு முயல்கிறவர்கள் இன்னொரு வகை. இருவருக்கும் ஊர் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: ஆண்டு வீண்.

எதிர்த்தரப்பின் வாதத்தைக் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மருத்துவ இடம் கடுமையான போட்டிக்கு உரியது. அரைப் புள்ளியில் இடம் தவறிப் போகும். அப்படியிருக்க, ஒவ்வொரு மணி நேரமும் சொந்தப் படிப்புக்கே போக வேண்டும். பாடம் சொல்லிக்கொடுத்ததற்கு விண்ணப்பத்தில் புள்ளி கிடையாது. கையில் காசு புழங்க ஆரம்பித்தால் படிப்பின் மேல் இருக்கும் பசி அடங்கிவிடும். கூடப் படித்தவர்கள் முன்னே போய்விடுவார்கள். அனுபவம் வேண்டும் என்றால் கிளினிக்கில் சேரலாமே, வாத்தியார் வேலை எதற்கு? பெண் பிள்ளையாக இருந்தால் வயதும் ஏறிக்கொண்டே போகிறது. அதனால் இடம் கிடைத்த ஊரில், கிடைத்த கடனில், உடனே சேர்த்துவிடுவதே புத்திசாலித்தனம். இவ்வளவும்தான் அந்த வாதம். இதில் பொய் சொல்கிறவர் யாரும் இல்லை. ஆனால் ஒவ்வொரு கூற்றும் பாதித் தூரத்தில் நின்றுவிடுகிறது. மீதித் தூரத்தை நான் நடந்து காட்டுகிறேன்.

1. ‘நேரம் போகிறது’

எந்த நேரம் போகிறது? ஏற்கெனவே மூன்று முறை படித்த அதே பக்கத்தை நான்காம் முறை மஞ்சள் கோடிட்டுப் படிக்கும் நேரமா? அப்படியென்றால் போகட்டும். திரும்பத் திரும்பப் படிப்பது, படித்துவிட்டோம் என்ற நிம்மதியைத் தருமே தவிர, பாடத்தை நினைவில் நிறுத்தாது. ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை இதற்குச் சாட்சி. ஒரே பகுதியைச் சிலர் நான்கு முறை படித்தார்கள். வேறு சிலர் ஒரே முறை படித்துவிட்டு, புத்தகத்தைப் பார்க்காமல் மூன்று முறை நினைவுகூர்ந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நான்கு முறை படித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது கதை தலைகீழாகிவிட்டது: அவர்களுக்கு நினைவில் நின்றது சுமார் 40 விழுக்காடு, நினைவுகூர்ந்து எழுதியவர்களுக்கு 61 விழுக்காடு.

வகுப்பில் நின்று பாடம் நடத்துகிறவர் வேறு என்ன செய்கிறார்? புத்தகத்தை மூடிவிட்டு, பலகையின் முன் நின்று, நினைவிலிருந்து எடுத்துச் சொல்கிறார். தடுமாறினால் எதிரே பத்துப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தனியறையில் படிப்பவன் தெரியாததைத் தாண்டிப் போய்விடலாம். பாடம் சொல்கிறவன் தாண்ட முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு. நான்காம் படிவ உயிரியலில் சிறுநீரகப் பாடம் வரும். ஒரு பிள்ளை எழுந்து கேட்கும்: “சார், குளுக்கோஸ் உடம்புக்கு வேணும்னா, சிறுநீரகம் அதை ஏன் முதல்ல வெளியே விடுது? அப்புறம் ஏன் திரும்ப உறிஞ்சுது?” எஸ்.டி.பி.எம். தாளில் இந்தக் கேள்வி இப்படி வராது. ஆனால் இதற்குப் பதில் தெரியாதவருக்குச் சிறுநீரகம் தெரியாது. வடிகட்டும் இடம் நல்லது கெட்டது பார்ப்பதில்லை, முக்கியமாகப் பெரியது சிறியதைத்தான் பார்க்கிறது. குளுக்கோஸ் சிறியது, அதனால் யூரியாவோடு சேர்ந்து வடிந்துவிடுகிறது. வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்வது அடுத்த கட்டமான நுண்குழாயின் வேலை. அந்தக் குழாய்ச் சுவரில் குளுக்கோஸைச் சுமந்து திரும்பும் புரதங்களுக்கும் ஓர் எல்லை உண்டு. இரத்தச் சர்க்கரை லிட்டருக்குச் சுமார் 10 மில்லிமோலைத் தாண்டினால் அவற்றால் சுமக்க முடியாது. மிச்சம் சிறுநீரில் போகிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் ‘இனிப்பு நீர்’ என்று சொல்வது இதைத்தான். இந்தத் தொடர்பை ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்கு விளங்கவைத்த இளைஞன், மருத்துவப் படிப்பின் முதலாம் ஆண்டுப் பாடம் ஒன்றைக் காசு வாங்கிக்கொண்டே படித்து முடித்துவிட்டான். இதையா நேர விரயம் என்கிறோம்?

2. ‘விண்ணப்பத்தில் இதற்குப் புள்ளி கிடையாது’

உண்மை. அரசுப் பல்கலைக்கழக நுழைவுக்கு யு.பி.யு. வழியாகப் போகும் விண்ணப்பத்தில் தகுதிப் புள்ளியின் 90 விழுக்காடு தேர்வு முடிவுக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. பிரத்தியேக வகுப்பு எடுத்தேன் என்று எழுத அதில் கட்டம் இல்லை. இதை மறைத்துப் பேசுவது பிள்ளைகளை ஏமாற்றுவதாகும்.

ஆனால் அந்த 90 எங்கிருந்து வருகிறது? வேதியியலையும் உயிரியலையும் கரைத்துக் குடித்திருந்தால்தான் வரும். முதல் குறிப்பில் சொன்னது அதற்குத்தான். அடுத்தது மூயெட் ஆங்கிலத் தேர்வு. கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்று நான்கு பகுதிகள். தோட்டப்புறத்திலிருந்து வரும் நம் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் பேசுதலில்தான். தயார் செய்யாத ஒரு தலைப்பை மற்றவர்கள் முன்னால் ஒழுங்காக அடுக்கிச் சொல்லும் பழக்கம் எத்தனை பேருக்கு வீட்டில் கிடைக்கிறது? வாரத்துக்கு நான்கு மாலை அதையே தொழிலாகச் செய்கிறவருக்குக் கிடைக்கிறது.

அதையும் தாண்டி நேர்முகத் தேர்வு இருக்கிறது. மருத்துவத்துக்கு அழைக்கப்படும் மாணவர்களைப் பல்கலைக்கழகங்கள் நேரில் பார்த்தே எடுக்கின்றன. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவாகி உலகமெங்கும் பரவிய ஒரு முறையில், விண்ணப்பதாரர் பல சிறு அறைகளுக்கு வரிசையாகப் போக வேண்டும். ஓர் அறையில் ஒரு நெறிச் சிக்கல், இன்னோர் அறையில் கோபத்தோடு இருக்கும் ஒரு மனிதர், வேறோர் அறையில் எளிய மொழியில் விளக்க வேண்டிய ஒரு செய்தி. ‘நீ சொல்வது புரியாத ஒருவரிடம் பேசியிருக்கிறாயா, என்ன செய்தாய்?’ என்று கேட்டால், பதினெட்டு மாதம் அறையைச் சாத்திக்கொண்டு படித்தவரிடம் என்ன பதில் இருக்கும்? டியூட்டரிடம் பத்துப் பதில் இருக்கும், பத்தும் நடந்தவையாக இருக்கும்.

உள்ளே நுழைந்த பிறகும் இந்தப் பயிற்சி கூடவே வரும். 1979இல் தொடங்கி, இன்று குபாங் கிரியானில் இயங்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி, ஒரு நோயாளியின் சிக்கலை முன்வைத்துச் சிறு குழுவாகக் கற்கும் முறையைத் தொடக்கத்திலிருந்தே கையாண்டது. அந்தக் குழுவில் ஒவ்வொரு மாணவரும் தனக்கு ஒதுக்கிய பகுதியைப் படித்து வந்து மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். நாம் ‘வீண் வேலை’ என்று ஒதுக்குவதை மருத்துவப் பள்ளி பாடத்திட்டமாகவே வைத்திருக்கிறது.

3. ‘கையில் காசு பழகினால் படிப்பு போய்விடும்’

யாருடைய பிள்ளையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிக்கொள்வோம். 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். செம்பனைத் தோட்டத்திலோ கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவின் ஆலையிலோ அந்தச் சம்பளத்துக்கு உழைக்கும் ஒருவர், தனியார் கல்லூரியில் மருத்துவம் படிக்க மூன்று லட்சம் ரிங்கிட் ஆகும் என்று கேள்விப்படுகிறார். சாப்பிடாமல், வாடகை கட்டாமல், சம்பளம் முழுவதையும் எடுத்து வைத்தாலும் அதைச் சேர்க்கப் பதினான்கு ஆண்டுக்கு மேல் ஆகும். இந்த வீட்டில்தான் அந்தப் பிள்ளை இருக்கிறது. இந்த வீட்டுக்குத்தான் ‘சம்பாதிக்காதே, படி’ என்று அறிவுரை போகிறது.

காசு படிப்பைக் கெடுக்கும் என்பது, காசு ஏற்கெனவே இருக்கும் வீட்டில் சொல்லத் தகுந்த வார்த்தை. இல்லாத வீட்டில் படிப்பைக் கெடுப்பது காசு இல்லாமைதான். விண்ணப்பக் கட்டணம், மறுதேர்வுக் கட்டணம், நேர்முகத் தேர்வுக்குக் கோத்தா பாருவுக்கோ கோலாலம்பூருக்கோ போய்வரும் பஸ் செலவு, ஒரு நல்ல சட்டை, காலணி, மூயெட்டை மறுபடி எழுதும் செலவு. எல்லாம் சிறு தொகைகள்தான். அந்தச் சிறு தொகைக்காக ஒவ்வொரு முறையும் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறதே, அதுதான் பல பிள்ளைகளை ‘போதும்பா, வேற ஏதாவது படிச்சிக்கிறேன்’ என்று சொல்ல வைக்கிறது. தன் விண்ணப்பத்துக்குத் தானே பணம் கட்டுகிற பிள்ளை அவ்வளவு சீக்கிரம் கைவிடுவதில்லை.

வேலையில் ருசி கண்டு மருத்துவத்தை மறந்தே விடுகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஓராண்டு பாடம் நடத்தியபின், இதுதான் தன் வேலை என்று ஒருவர் கண்டுகொண்டால், நாட்டுக்கு ஒரு நல்ல ஆசிரியர் கிடைத்தார். மூன்று லட்சம் கடன் வாங்கி, மூன்றாம் ஆண்டில் நோயாளியைத் தொடும்போது அதே உண்மையைக் கண்டுகொள்வதைவிட இது நல்லதில்லையா?

4. ‘ஓர் ஆண்டு போனால் பிடிக்க முடியாது’

எதைப் பிடிக்க ஓடுகிறோம்? மருத்துவப் பட்டம் ஐந்து ஆண்டு. அதன்பின் இரண்டு ஆண்டு ஹவுஸ்மேன்ஷிப் என்ற மருத்துவமனைப் பயிற்சி. இருபது வயதில் சேர்ந்தவர் இருபத்தேழில் முழு மருத்துவர் ஆகிறார். இருபத்தொன்றில் சேர்ந்தவர் இருபத்தெட்டில். அரசுப் பணி ஓய்வு அறுபது வயதில். ஒருவருக்கு 33 ஆண்டு, மற்றவருக்கு 32. இந்த ஓர் ஆண்டு வித்தியாசத்துக்காக ஒரு குடும்பம் வீட்டை அடமானம் வைக்கிறது.

அவசரப்பட்டு முன்னே ஓடியவர்களையும் காத்திருப்பு விட்டுவைக்கவில்லை. பட்டம் வாங்கியபின் ஹவுஸ்மேன் இடத்துக்காக மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்த தலைமுறையை நாம் பார்த்தோம். 2016 டிசம்பரில் ஒப்பந்த மருத்துவர் முறை வந்தது. நிரந்தரப் பணியும் மேற்படிப்பும் எட்டாத நிலையில், 2021 ஜூலை 26ஆம் தேதி, கோவிட் உச்சத்தில் இருந்தபோதே, இளம் மருத்துவர்கள் கறுப்புச் சட்டையோடு மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து நின்றார்கள். மருத்துவத் தொழில் இன்று அவசரக்காரருக்குப் பரிசு தருவதில்லை. நின்று நிதானமாகப் போகத் தெரிந்தவரையே அது தாங்குகிறது.

அவசரத்தின் விலையும் நமக்குத் தெரிந்ததுதான். எஸ்.டி.பி.எம். புள்ளி போதவில்லையா, கவலை வேண்டாம், இந்த நாட்டில் இடம் இருக்கிறது, அடுத்த மாதம் விமானம் என்று ஏஜெண்டுகள் வந்த காலத்தில், நம் பிள்ளைகள் பலர் அன்றைய உக்ரேனின் கிரிமியாவுக்குப் போனார்கள். 2005இல் கிரிமியா மருத்துவப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கான அங்கீகாரத்தை மலேசியா விலக்கிக்கொள்வதாக அறிவித்தபோது எத்தனை வீடுகள் பதறின! 2022 பிப்ரவரியில் உக்ரேனில் போர் வெடித்தபோது, பல நாட்டு மருத்துவ மாணவர்கள் சுரங்க ரயில் நிலையங்களில் ஒளிந்து, எல்லையை நடந்து கடந்தார்கள். வெளிநாடு போவதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஓர் ஆண்டு காத்திருப்பதை அவமானமாக நினைத்ததால் மட்டுமே எடுக்கப்பட்ட முடிவு தவறு என்கிறேன்.

மற்ற ஊர்களைப் பாருங்கள். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் சேர்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் பட்டம் முடித்துக் குறைந்தது ஓராண்டு இடைவெளிக்குப் பிறகே சேர்கிறார்கள். அந்த இடைவெளியில் ஆய்வகத்தில் வேலை, மருத்துவமனையில் வேலை, டியூட்டர் வேலை. அங்கே அதற்கு ‘வீண்’ என்று பெயர் இல்லை. தமிழ்நாட்டில் நிலைமை வேறு, கொடுமையானது. மருத்துவ நுழைவுக்கான நீட் தேர்வின் விளைவை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் அறிக்கைப்படி, மருத்துவ இடம் பெற்றவர்களில் மறுமுறை முயன்றவர்களின் பங்கு 2016–17இல் 12.47 விழுக்காடு, 2020–21இல் 71.42 விழுக்காடு. அந்தப் பிள்ளைகள் காத்திருந்த ஆண்டைக் கோச்சிங் நிலையங்களுக்குக் கட்டணம் கட்டித் தீர்க்கிறார்கள். கட்ட முடியாதவர் போட்டியிலிருந்தே விலகுகிறார். அங்கே காத்திருப்பு பணக்காரரின் சலுகையாகிவிட்டது. கூலிமில் ஒரு தோட்டத்துப் பிள்ளையால், பாடம் சொல்லி அதில் வரும் காசில் தன் காத்திருப்பைத் தானே தாங்கிக்கொள்ள முடிகிறது. அந்த வழியை நாமே ஏளனம் பேசி அடைக்கலாமா?

5. ‘கௌரவக் குறைவு’

இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆனால் ‘உட்கார்ந்துட்டான்’ என்ற சொல்லுக்குள் இருப்பது இதுதான். பாடம் சொல்லிக்கொடுப்பது தோற்றவன் செய்யும் வேலை என்ற எண்ணம்.

நம் தோட்டங்களின் பழைய பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர் கிடைக்காத காலத்தில் அந்தக் கொட்டகைகளில் எழுத்து சொல்லிக்கொடுத்தவர்கள் யார்? கிராணி, கங்காணி, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளி. காலையில் பால்மரம், பிறகு பலகை. அவர்கள் யாரும் தோற்றவர்கள் அல்லர். அவர்கள் சொல்லித்தந்த அகரம்தான் இன்று நம்மில் ஒருவரை டாக்டர் என்று அழைக்க வைத்திருக்கிறது.

அதற்குப் பின்னால் வந்த வரலாறும் நம் கண் முன்னேதான் இருக்கிறது. 1982இல் டான்ஸ்ரீ டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் எதன் மேல் நின்றது? பல்கலைக்கழக மாணவர்கள் தங்களைவிட இளையவர்களுக்குப் பாடம் நடத்தியதன் மேல் நின்றது. தாங்களே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்கள், தோட்டத்துப் பிள்ளைகளை ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.முக்கும் எஸ்.டி.பி.எம்.முக்கும் தயார் செய்தார்கள். ‘உன் நேரத்தை வீணாக்காதே’ என்று அன்று ஒவ்வொரு வீடும் தடுத்திருந்தால் அந்த நிலையம் இருந்திருக்காது. அதன் வழியாகப் பல்கலைக்கழகம் போன ஆயிரக்கணக்கானோர் இருந்திருக்க மாட்டார்கள்.

இங்கே ஒரு முரண்பாட்டை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். ‘டியூஷன் வாத்தியார் ஆகிவிட்டான்’ என்று வருந்தும் அதே அண்ணன், தன் மகளை வாரம் மூன்று நாள் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் பிரத்தியேக வகுப்புக்குக் கொண்டுபோய் விடுகிறார். அங்கே நல்ல வாத்தியார் வேண்டும் என்றும் கேட்கிறார். நல்ல வாத்தியார் எங்கிருந்து வருவார்? வேதியியலில் நல்ல புள்ளி வாங்கிய யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைதானே வர வேண்டும்? தன் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும், பிறர் பிள்ளை கொடுக்கக் கூடாது என்பது நியாயம் ஆகுமா?

6. ‘மருத்துவம் வேண்டும் என்றால் கிளினிக்கில் சேரட்டும்’

சேரட்டும், நல்லதுதான். மருந்து எடுத்துக்கொடுக்கும் இடத்திலும் கற்க நிறைய இருக்கிறது. ஆனால் ஒன்று செய்தால் இன்னொன்று கூடாது என்பது எந்தக் கணக்கு? அது மட்டுமல்ல. கிளினிக் கவுண்டரில் மருத்துவத்தைப் பார்க்கலாம். மருத்துவரின் அன்றாட வேலையில் பெரும்பகுதி என்னவோ, அதை வகுப்பறையில் செய்தே பழகலாம். அது விளக்கிச் சொல்வது.

நம் நாட்டில் விளக்கிச் சொல்வது மூன்று மொழி வேலை. தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை ‘சிறுநீரகம்’ என்று படித்த பிள்ளை, இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் ‘புவா பிங்காங்’ என்கிறது. ஆறாம் படிவத்திலும் கல்லூரியிலும் ‘கிட்னி’ என்கிறது. பல பிள்ளைகள் அறிவியலைக் கைவிடுவது மூளை போதாமல் அல்ல. ஒரு மொழியிலிருந்து மறு மொழிக்குத் தாவும்போது கைப்பிடிக்க யாரும் இல்லாமல்தான். அந்த இடத்தில் நிற்கிற டியூட்டர், ‘இதுவும் அதுவும் ஒன்றுதான்’ என்று சொல்லி மூன்றையும் ஒரே படத்தில் எழுதிக் காட்டுகிறார்.

இவரே பத்து ஆண்டு கழித்துக் கூலிம் மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் உட்கார்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே ஒரு மூதாட்டி. மருந்துப் பையைத் திறந்து, ‘எது காலையில, எது ராத்திரி?’ என்று கேட்கிறார். 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம். இந்த நோயில் மாத்திரையைவிட விளக்கம் முந்திக்கொண்டு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறவர், பின்னாளில் டயாலிசிஸ் நாற்காலிக்குப் போகிறார். ‘நல்லா இருக்கிற மாதிரி தெரியும்போதே உள்ளே என்ன நடக்குதுன்னா, பாட்டி…’ என்று ஆரம்பித்து, அதட்டாமல், அவசரப்படாமல், அவர் மொழியில் சொல்லி முடிக்க எங்கே கற்றுக்கொள்வது? புரியாமல் விழிக்கும் ஒரு மாணவனின் முகத்தைப் பார்த்து, ‘சரி, வேற மாதிரி சொல்றேன்’ என்று நான்காவது முறையாகத் தொடங்கிய அந்த மாலை வகுப்புகளில்தான்.

7. ‘பெண் பிள்ளைக்கு வயது ஏறுகிறது’

ஆண் பிள்ளைக்கு ஏறவில்லையா? இந்த வாதத்துக்கு நான் நீண்ட பதில் சொல்லப் போவதில்லை. ஏழு ஆண்டுப் பயிற்சிக்குத் துணிந்த ஒரு பெண், எட்டாவது ஆண்டைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பயப்படுகிறவர்கள் மற்றவர்கள். தன் கையில் சம்பளமும், தான் சொன்னதைக் கேட்க ஒரு வகுப்பும் இருக்கும் இருபத்தொரு வயதுப் பெண்ணிடம், ‘போதும், கிடைத்ததைப் படி’ என்று சொல்வது கடினம். அந்தக் கடினம் அவளுக்குப் பாதுகாப்பு.

இனி, எதிர்த்தரப்பு சொல்வதில் எங்கே நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று இடத்தில் இருக்கிறது.

முதலாவது, மணி நேரம். வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பாடம் நடத்துவது ஒருவரைக் கூர்மையாக்கும். முப்பதைத் தாண்டினால் களைப்புதான் மிஞ்சும். ‘இன்னும் ஒரு வகுப்பு எடுத்துக்கோங்க’ என்று கேட்கும் நிலையங்கள் இருக்கின்றன. முடியாது என்று சொல்லக் கற்க வேண்டும். இரண்டாவது, பாடம். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம்: மருத்துவ நுழைவு கேட்கிற பாடங்களையே நடத்த வேண்டும். காசுக்காக ஒன்றாம் ஆண்டு முதல் ஐந்தாம் படிவம் வரை எல்லாப் பாடத்தையும் எடுத்துப்போட்டுக்கொண்டால், நான் முதல் குறிப்பில் சொன்ன பயன் கிடைக்காது. மூன்றாவது, நாள்காட்டி. எஸ்.டி.பி.எம். எந்தப் பருவத்தை மறுபடி எழுதுவது, மூயெட் எப்போது, யு.பி.யு. எப்போது திறக்கும், மேல்முறையீடு எப்போது முடியும், உதவித்தொகைக்குக் கடைசி நாள் எது என்று எழுதிச் சுவரில் ஒட்டாமல் காத்திருப்பதைத் தயாரிப்பு என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட ஆண்டு உண்மையிலேயே வீண்தான்.

ஆனால் இந்த மூன்றும் எப்படிச் செய்வது என்பதற்கான எச்சரிக்கைகள். செய்யவே கூடாது என்பதற்கான காரணங்கள் அல்ல. வெட்டத் தெரியாதவன் கையை அறுத்துக்கொண்டான் என்பதற்காகப் பால்வெட்டுக் கத்தியைத் தூக்கி எறிந்த தோட்டம் உண்டா?

கடைசியாக விளைவைப் பார்ப்போம். ஊர் சொல்வதுபோலவே எல்லாப் பிள்ளைகளும் கேட்டு நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அறையைச் சாத்திக்கொண்டு படிக்கும். அதற்கு இழப்பு அதிகமில்லை. கடன் வாங்கத் துணிந்த வீடு கடனில் மூழ்கும். இரண்டும் முடியாத வீட்டுப் பிள்ளை மருத்துவத்தையே விட்டுவிடும். காலியான மாலை வகுப்பறையில், பாடாங் செராயின் நான்காம் படிவப் பிள்ளை சிறுநீரகப் பாடத்தை மூன்று மொழியில் ஒன்றிலும் புரிந்துகொள்ளாமல், அடுத்த ஆண்டு அறிவியல் பிரிவே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும். ஐந்து ஆண்டு கழித்து நாம் மறுபடி கூடி, நம் பிள்ளைகள் ஏன் மருத்துவத்துக்குப் போவதில்லை என்று கூட்டம் போடுவோம்.

இதற்கு மாறாக, இன்று மாலை ஆறு மணிக்குக் கூலிமில் ஒரு கடைவீட்டின் மாடியில் விளக்கு எரிகிறது. பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். பலகை முன் நிற்கிறவளுக்கு மருத்துவத்தில் இன்னும் இடம் கிடைக்கவில்லை. இரண்டாம் முறை விண்ணப்பித்திருக்கிறாள். இரண்டு மணி நேரம் பாடம் நடத்திவிட்டு வீட்டுக்குப் போய் மூன்று மணி நேரம் படிப்பாள். அவளைப் பார்த்து ‘பாவம்’ என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவளைப் பெற்றவர்களிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: உங்கள் மகள் எங்கேயும் உட்கார்ந்துவிடவில்லை, அம்மா. நின்றுகொண்டுதான் இருக்கிறாள்.